2 கிலோ வாங்கினால் 4 கிலோ: விதையும் எருவும் சோறும் கைமாறும் ஏற்பாடுகள் உங்கள் ஊரில் எப்படி?

வெண்ணாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்) | ஞாயிறு, காலை 7.40

வணக்கம். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, வரும் சம்பா பருவத்திலிருந்து பாரம்பரிய நெல் விதையை எங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம் என்று பேசி வருகிறோம். அதற்கு என்ன விதி வைப்பது என்று கேட்கத்தான் இந்த இழை.

இயற்கை விவசாயம் என்று பேச்சை எடுத்தாலே பஞ்சகவ்யம் ஏக்கருக்கு எவ்வளவு, மீன் அமிலம் எத்தனை நாள் ஊறணும் என்றுதான் போகிறது. அதெல்லாம் தேவைதான். ஆனால் ஒரு ஊரில் இந்த விவசாயம் நிலைக்குமா நிலைக்காதா என்பது ஆட்களுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கலில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விதை யாரிடம் கிடைக்கும், எரு எங்கிருந்து வரும், கொஞ்சமாக விளைந்தால் யார் அரைத்துத் தருவார்கள், அதை யார் வாங்குவார்கள்? இந்த நாலுக்கும் வழி இல்லையென்றால் ஆசையாக ஆரம்பித்தவர்கூட இரண்டு மூன்று வருடத்தில் யூரியாவுக்குத் திரும்பிவிடுகிறார். கண்ணெதிரே பார்க்கிறேன்.

நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் தொடங்கிய நெல் திருவிழா இங்கே பலருக்குத் தெரியும். ஆளுக்கு 2 கிலோ விதை. பணம் கிடையாது. அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வாரோடு ஊர் ஊராகப் போனபோது கைக்கு வந்த சில ரகங்களில் ஆரம்பித்தது 170ஐத் தாண்டிப் போனது. மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார், குடவாழை எல்லாம் இன்றைக்குக் கடைப் பலகையில் பெயராகத் தெரிகிறது என்றால், வாங்கியவர்கள் மறுவருடம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததுதான் காரணம். 2018 டிசம்பரில் அவர் மறைந்தார். இன்றைக்கும் டெல்டாவில் விதையைப் பற்றிப் பேசினால் அவர் பெயர் வராமல் பேச்சு முடியாது.

ஆனால் திருவிழா என்பது வருடத்துக்கு ஒரு முறை, ஒரு இடத்தில். ஊருக்கு ஊர் சின்ன அளவில் இதுவே நடக்கவேண்டும். என் கேள்விகள்: திருப்பித் தராதவரை என்ன செய்வது? கலப்பு விதை வந்தால்? குத்தகைக்குச் செய்பவர்களை எப்படிச் சேர்ப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

அகரம்_புதூர் | ஞாயிறு, காலை 9.05

முதல் கேள்விக்கு: திருப்பித் தராதவரை ஒன்றும் செய்யாதீர்கள். மழையில் போனவர், குடும்பத்தில் கல்யாணம் வந்து விதையையும் சேர்த்து விற்றவர், இவர்கள்தான் அதிகம். ஏமாற்றணும் என்று 2 கிலோ நெல் வாங்கியவரை நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு பழக்கம் வையுங்கள். விதை கொடுக்கும் நாளில் நோட்டை எடுத்து எல்லார் முன்னாலும் படியுங்கள். யார் என்ன ரகம் வாங்கினார், என்ன கொண்டுவந்தார் என்று. வராதவர் பெயருக்கு நேரே "அடுத்த வருடம்" என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இதுவே போதுமானதாக இருக்கிறது.

---

களத்துமேடு | ஞாயிறு, காலை 11.30

திருப்பித் தருவது இருக்கட்டும் தம்பி. எதைத் திருப்பித் தருகிறார் என்று பாருங்கள். விதைக் கைமாற்று பல ஊரில் படுத்துப்போனது கலப்பு விதையால்தான். மூன்று நாலு கை மாறியதும் மாப்பிள்ளைச் சம்பா என்று எழுதிய சாக்கில் பாதி வேறு ஏதோ இருக்கும். வாங்கியவர் வயல் ஒரே மட்டமாகக் கதிர் வராது. அவர் அடுத்த முறை வரமாட்டார்.

நான் விதைக்கென்று வயலில் ஒரு துண்டைத் தனியாக ஒதுக்குவேன். பக்கத்து ரகத்துக்கும் அதற்கும் நடுவில் 3 மீட்டராவது விடணும். கலவன், அதாவது நடுவே முளைத்த வேறு ரகப் பயிரை, எடுக்க மூன்று தடவை இறங்கணும். தூர் கட்டும்போது தூரடி நிறத்தைப் பார்ப்பேன், சிவப்போடினதும் பச்சையும் அப்போதே பிரிந்து தெரியும். கதிர் வெளியே வரும்போது முந்துவதையும் பிந்துவதையும் பிடுங்கிவிடணும். அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் உயரம், மணியின் நிறம், நுனியில் மீசை இருக்கிறதா இல்லையா என்று கடைசியாக ஒரு சுற்று. வரப்போரத்து இரண்டு முழத்தை விதைக்குச் சேர்க்கவே மாட்டேன்.

அப்புறம் முக்கியமானது. விதைத் துண்டை மிஷினில் அறுக்காதீர்கள். முந்தின வயல்காரர் நெல் அந்த மிஷின் வயிற்றுக்குள் கிடக்கும். எவ்வளவு ஓட்டிக் காலி செய்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். கலப்பு பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. கையால் அறுத்து, கல்லில் அடித்து, முதல் அடியில் உதிரும் தலையடி நெல்லை மட்டும் விதைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தானாக உதிர்வது முற்றிய மணி.

காய்ச்சல் சரியாக இருக்கிறதா என்று பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தால் தெரியும், நசுங்காமல் டக்கென்று உடையணும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்கும். நொச்சி, வேப்பிலை போட்டுச் சாக்கில் வைக்கலாம். எங்கள் மாமியார் காலத்தில் வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டை கட்டி, மேலே சாணி மெழுகி வைப்பார்கள். கோட்டை கட்டத் தெரிந்த கை இப்போது எங்கள் தெருவில் ஒன்றிரண்டுதான் மிச்சம். உங்கள் ஊரில் யாராவது பெரியவர் இருந்தால் இந்த வருடமே உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் முன் ஈரச் சாக்கில் 100 மணி எண்ணிப்போட்டு முளைக்க வையுங்கள். 80க்குக் கீழே முளைத்தால் அது சாப்பாட்டு நெல், விதை இல்லை. சான்று விதைக்கும் இதே 80தான் கணக்கு.

---

வெண்ணாற்றங்கரை | ஞாயிறு, மதியம் 1.15

அக்கா, இதை அப்படியே அச்செடுத்து எங்கள் ஆட்களிடம் கொடுக்கப் போகிறேன். மிஷின் விஷயம் இங்கே யாரும் யோசிக்கவே இல்லை. விதைத் துண்டைக் கையால் அறுக்க ஆள் கிடைப்பது சிரமம். ஏழெட்டுப் பேரும் மாறி மாறி ஒருவர் வயலில் ஒருவர் இறங்கி அறுத்தால் முடியும் என்று தோன்றுகிறது. அரைக் காணி கூட வராது.

எருவைப் பற்றி யாராவது சொல்லுங்கள். முன்பெல்லாம் கோடையில் கிடை வரும், எருவுக்காக ஆட்டு மந்தையை ராத்திரி வயலில் அடைப்பார்கள். இப்போது வருவதில்லை.

---

செம்மறி_கமுதி | ஞாயிறு, இரவு 8.50

கிடை வருவதில்லை என்று சொல்லாதீர்கள், வரவிடுவதில்லை என்று சொல்லுங்கள். எங்கள் அப்பா வழி உறவுக்காரர்கள் இன்னும் போகிறார்கள்.

ராமநாதபுரம், சிவகங்கை பக்கத்திலிருந்து தை, மாசியில் ஆட்டைக் கிளப்பினால் அறுத்த வயல் வழியாகவே தஞ்சாவூர், திருவாரூர் வரைக்கும் மேய்த்துக்கொண்டு வருவார்கள். நெல் தரிசில் உளுந்து, பயறு எடுத்த பிறகு வயல் திறந்து கிடக்கும். ஆற்றில் தண்ணீர் வரும் வரை, அதாவது மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் அதையொட்டிய நாள் வரை, கிடை அங்கேதான். ராத்திரி வலை கட்டி ஆட்டை உள்ளே அடைப்பார்கள். மறுநாள் ராத்திரி பட்டியை அதே வயலில் அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். இப்படி நகர்த்தி நகர்த்தி வயல் முழுக்க ஆடு படுத்து எழுந்துவிடும். குட்டிகளைக் கொடாப்பு என்ற பெரிய கூடைக்குள் கவிழ்த்து வைத்திருப்பார்கள், தாய் ஆடு திரும்பி வந்ததும் திறந்துவிட்டால் தன் தன் தாயைத் தேடி ஓடும். புழுக்கையைவிட மூத்திரம்தான் வயலுக்குப் பெரிய சத்து. தொழுவில் சேர்த்து வண்டியில் ஏற்றிவரும் எருவில் அது பாதி வீணாகிப் போயிருக்கும். கிடையில் நேரே மண்ணில் இறங்குகிறது. கிடை நகர்ந்ததும் மேலாக ஒரு உழவு ஓட்டிவிடணும், வெயிலில் காயவிட்டால் சத்து போய்விடும். ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

கூலி முன்பு நெல்லாக. இப்போது ராத்திரிக்கு ஆட்டுக் கணக்குப் பார்த்துப் பணம், கூடவே சமைக்க அரிசி. பேச்சு முழுக்க மந்தையை நடத்திவரும் கீதாரியோடுதான், வாய்ப் பேச்சுதான். எழுத்து எதுவும் கிடையாது. வருடா வருடம் அதே குடும்பத்து வயலுக்கு அதே கீதாரி போவார்.

இப்போது என்ன ஆச்சு? வாய்க்கால் ஓரமெல்லாம் பிளாட், கல் ஊன்றி வேலி. கோடையில் பருத்தி போட்டுவிடுகிறார்கள், நடுவில் ஒரு வயல் பருத்தி இருந்தாலே சுற்றிலும் கிடை வைக்கமுடியாது. ஒரு ஆடு உள்ளே புகுந்தால் சண்டை. மருந்தடித்த செடியைத் தின்று ஆடு செத்ததும் உண்டு. ரோட்டில் லாரியில் அடிபடுவது தனிக் கதை.

உங்கள் குழுவுக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ஏக்கருக்காக எந்தக் கீதாரியும் வரமாட்டார். அடுத்தடுத்த வயல்காரர்கள் சேர்ந்து ஒரே தொடர்ச்சியாக முப்பது நாற்பது ஏக்கரைக் கோடையில் திறந்து வைக்கச் சம்மதித்தால், ஆட்டுக்குத் தண்ணீர் எங்கே என்று காட்டினால், வருவார். மாசியிலேயே பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். வந்த பிறகு விலையைக் குறைக்காதீர்கள். இந்த மூன்றும் இருந்தால் உங்கள் ஊருக்கு மறுபடியும் கிடை வரும், நானே பேசி அனுப்புகிறேன்.

---

நேர்க்கோடு | திங்கள், காலை 6.30

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கையும் பார்க்கணும்.

எங்கள் வயலில் சி.ஆர். 1009 என்ற அதிக மகசூல் ரகம் நன்றாக வந்தால் ஏக்கருக்கு 30 மூட்டை தாண்டும். மாப்பிள்ளைச் சம்பா 15, 18. அதுவும் மார்கழி மழையில் சாய்ந்தால் அதிலும் பாதி. காட்டுயானம் ஆள் உயரத்தைத் தாண்டி வளர்ந்து 180 நாள் நிலத்தில் நிற்கிறது. கொள்முதல் நிலையத்தில் இதற்கென்று தனி விலை கிடையாது. 2024-25க்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டால் 2,300 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,320. மோட்டா பாரம்பரிய நெல்லைக் கொண்டுபோனால் அதே பொது ரகம்தான். ஊர் சமூகம் என்று பேசுபவர்கள் இந்தப் பாதி மகசூலுக்கு யார் ஈடு கொடுப்பது என்று சொல்லிவிட்டுப் பேசவேண்டும்.

பசுமைப் புரட்சியில் ஐ.ஆர். 8 நெல் வந்தபோது எங்கள் தாத்தா ஏன் மாறினார்? வீட்டில் சோறு போதவில்லை. அதை யாரும் மறக்கக்கூடாது.

---

வெண்ணாற்றங்கரை | திங்கள், காலை 7.20

> நேர்க்கோடு எழுதியது: இந்தப் பாதி மகசூலுக்கு யார் ஈடு கொடுப்பது

சரியான கேள்வி. முழு நிலத்தையும் மாற்றுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. என் வயலிலேயே ஒரு பக்கம் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்து ரகம்தான். ஒருவர் ஒரு மா (ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு) ஒதுக்கினால் போதும் என்பதுதான் எங்கள் பேச்சு. செலவுப் பக்கத்தையும் பாருங்கள். விதைக்குக் காசில்லை, பூச்சி மருந்து இல்லை, கிடை வந்தால் உரமும் குறையும். வைக்கோல் கூடுதலாகக் கிடைக்கிறது, மாட்டுக்கு ஆகிறது. ஆனாலும் வாங்குபவர் ஏற்பாடு இல்லாமல் இது ஓடாது, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

தண்ணீர் நின்றாலும் உப்பேறினாலும் தாங்கும் ரகங்கள் என்றைக்கு வேண்டியிருக்கும் என்று சொல்லமுடியாது. 2004 சுனாமியில் கடல் தண்ணீர் ஏறிய நாகப்பட்டினம் பக்கத்து வயல்களில் குழியடிச்சான் மாதிரி உவர் தாங்கும் நெல்லைத்தான் தேடினார்கள். அந்த விதையை யாரோ சிலர் லாபம் பார்க்காமல் வருடா வருடம் விதைத்து வைத்திருந்ததால்தான் தேடியபோது இருந்தது.

---

மாடிவீடு_திருச்சி | திங்கள், காலை 10.10

வாங்குபவர் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் சில குடும்பங்கள் சேர்ந்து லால்குடி பக்கத்து விவசாயி ஒருவரிடம் அரிசி வாங்குகிறோம். கடை இல்லை, இடையில் ஆள் இல்லை.

நடவுக்கு முன்னாலேயே விலை பேசிவிடுவோம். பாதிப் பணம் அப்போதே போய்விடும், அவர் வட்டிக்கு வாங்கவேண்டியதில்லை. மீதி அரிசி வரும்போது. விளைச்சல் குறைந்தால் எல்லாருக்கும் பங்கு குறையும், முன்பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஒரு வருடம் அறுப்பு நேரத்தில் மழை பிடித்து நெல் சாய்ந்தது. அரைத்தபோது பாதிக்குப் பாதி நொய். ஒரு சிலர் முணுமுணுத்தார்கள், இருந்தாலும் அந்த நொய்யையும் பேசிய விலைக்கே எடுத்துக்கொண்டோம். அந்த வருடம் எங்கள் எல்லார் வீட்டிலும் காலையில் கஞ்சிதான். அவர் அடுத்த வருடமும் நமக்காகவே விதைத்தார்.

வண்டுதான் முதலில் பெரிய தலைவலி. மருந்து போடாத அரிசியை மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கி வைத்தால் பூச்சி வந்துவிடும், பிறகு "இயற்கை அரிசியே வேண்டாம்" என்று ஆள் விலகிவிடுவார். இப்போது நெல்லாகவே அவர் வீட்டில் இருக்கிறது, மாதம் ஒரு முறை அந்த மாதத்துக்கு மட்டும் அரைத்து அனுப்புகிறார். பூச்சிப் பேச்சே இல்லை.

சமையலும் மாறணும், அதை யாரும் சொல்வதில்லை. சிவப்பரிசியைப் பொன்னி மாதிரி அரை மணி ஊறவைத்து மூன்று விசில் விட்டால் குழந்தைகள் தட்டை நகர்த்திவிடும். ராத்திரியே ஊறவைக்கணும், தண்ணீர் கூட வைக்கணும். நாங்கள் இட்லிக்கு முதலில் மாற்றினோம், அப்புறம் கஞ்சி, கடைசியில்தான் மதியச் சோறு. இந்த மாதிரி விஷயங்களைக் குழுவில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்ததால்தான் ஆட்கள் நிலைத்தார்கள்.

---

தாழைக்குளம் | திங்கள், மாலை 4.45

இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் வயல் வைத்திருப்பவர்கள், அல்லது முன்பணம் கொடுக்க வசதி உள்ளவர்கள். நான் வேறு தெருவிலிருந்து வருகிறேன்.

பழைய ஏற்பாடு, ஊர் ஒற்றுமை என்று யாராவது எழுதினால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் தலித் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசையோடு எரித்தார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும் சங்கம் சேர்ந்ததும்தான் அவர்கள் செய்தது. அந்தக் காலத்தில் விதை பண்ணை வீட்டுப் பத்தாயத்தில் இருந்தது. நாற்று முடிச்சைப் பார்த்தே என்ன ரகம் என்று சொல்லத் தெரிந்த எங்கள் பாட்டிமார் கையில் ஒரு படி விதை கிடையாது. ஆகவே பழையதை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறோம் என்று பேசாதீர்கள்.

இன்னொன்று. இந்த விவசாயத்தில் எங்கள் தெரு இழந்தது நெல் ரகத்தை மட்டும் அல்ல. வயலில் நண்டு பிடிப்போம், நத்தை பொறுக்குவோம், வாய்க்காலில் குரவை, கெளுத்தி, வரப்பில் கீரை. நிலம் இல்லாத வீட்டுக்குக் குழம்பு அங்கிருந்துதான் வந்தது. யாரும் தடுக்கமாட்டார்கள், காசும் கேட்கமாட்டார்கள். குருணைப் பூச்சி மருந்து வந்த பிறகு நண்டு போச்சு, மீன் போச்சு. யாரும் அதைக் கணக்கில் எழுதவில்லை, ஏனென்றால் அது சந்தைக்கு வந்த சரக்கு இல்லை. எங்களுக்கு இயற்கை விவசாயம் என்றால் முதலில் அந்த நண்டும் குரவையும் திரும்பி வருவது. உங்கள் வயலில் அது திரும்பினால், பிடிக்க எங்கள் பிள்ளைகளை விடுவீர்களா? அதையும் உங்கள் விதியில் எழுதுங்கள்.

---

வெண்ணாற்றங்கரை | திங்கள், இரவு 9.30

தாழைக்குளம், நீங்கள் எழுதியதை எங்கள் ஆட்களிடம் படித்துக் காட்டினேன். நிறைய நேரம் பேசினோம்.

2 கிலோவுக்கு 4 கிலோ என்ற ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததே அது பழைய பத்தாயத்து வழக்கம் இல்லை என்பதுதான். பட்டா கேட்பதில்லை. குத்தகைக்காரர், போகியத்துக்குச் செய்பவர், யார் கேட்டாலும் அதே 2 கிலோ. எங்கள் நோட்டிலும் நிலம் யார் பெயரில் என்ற கட்டமே இருக்காது. வயலில் இறங்குபவர் பெயரைத்தான் எழுதுவோம்.

நிலமே இல்லாதவர்களுக்கு நெல் விதையால் பயன் இல்லை என்பது உண்மை. கொல்லையில் போட அவரை, சுரை, பீர்க்கு, கீரை விதையும் அதே நாளில் கைமாறவேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். கலவன் எடுக்க நடவுப் பெண்களைக் கூப்பிட்டால் அவர்களுக்குக் கூலியோடு விதைப் பங்கும் உண்டு. நண்டு, மீன் பற்றி: மருந்தடிக்காத வயலுக்குள் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் வரப்பு உடையும் என்கிறார். பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

செக்குமரம் | செவ்வாய், காலை 8.00

தாழைக்குளம் சொன்னதற்கு நேராக ஒரு உதாரணம் இருக்கிறது. வேலை காரணமாகத் தெலங்கானாவில் சகீராபாத் பக்கம் சில காலம் இருந்தேன். அங்கே தக்காண வளர்ச்சிச் சங்கம் என்று 1983இல் ஆரம்பித்த அமைப்பு. ஊருக்கு ஊர் பெண்கள் சங்கம், பெரும்பாலும் தலித் பெண்கள், கையில் இருப்பது அரசு கொடுத்த சரளை நிலம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவர்கள் ஒன்று செய்தார்கள். தரிசாகக் கிடந்த நிலத்தை உழுது சோளம் போடச் சங்கம் கடன் கொடுத்தது. கடனைப் பணமாகத் திருப்பவேண்டாம், சில வருடங்களுக்குச் சோளமாகத் தந்தால் போதும். அந்தச் சோளம் ஊரிலேயே பெரிய மூங்கில் குதிர்களில் சேர்ந்தது. வேலை இல்லாத மாதங்களில் அதை ஏழை வீடுகளுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்தார்கள். யார் ஏழை என்று அதிகாரி முடிவு செய்யவில்லை. ஊர்க்காரர்கள் உட்கார்ந்து வீடு வீடாகப் பேசி வரிசைப்படுத்தினார்கள், ரொம்ப இல்லாத வீட்டுக்குக் கூடுதல் பங்கு. ரேஷன் கடை வெளியூர் அரிசியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தங்கள் சோளத்தைத் தாங்களே விளைத்து, சேர்த்து, பங்கிட்டுக்கொண்டார்கள். 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது.

விதைக்கும் அப்படித்தான். ஒரு துண்டு நிலத்தில் சோளம், கம்பு, துவரை, எள், காராமணி என்று பத்துப் பதினைந்து பயிரைக் கலந்து போடுவார்கள். விதைப் பொறுப்பு முழுக்கப் பெண்களிடம். வருடத் தொடக்கத்தில் மாட்டு வண்டிகளில் விதைக் கூடைகளை ஏற்றி ஊர் ஊராக ஊர்வலம் போவார்கள். நிலம் குறைந்தவர்களால் இது முடியாது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.

---

அகரம்_புதூர் | செவ்வாய், காலை 9.40

நம் ஊரிலும் ரேஷனில் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2023 முதல் கார்டுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு. அந்த மாவட்டத்தில் விளைவதையே அங்கே வாங்கிக் கொடுத்தால் விவசாயிக்கு நிலையான ஆள் கிடைக்கும். இதை எல்லா மாவட்டத்திலும் கேட்கவேண்டும்.

---

பொரிகடலை | செவ்வாய், மதியம் 12.20

அரவை பற்றி யாரும் எழுதவில்லை. மலைப்பக்கம் சாமையும் தினையும் குறைந்ததற்கு ஒரு காரணம் உரலில் குத்தும் வேலை. அது முழுக்கப் பெண்கள் தலையில். கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமங்களுக்கு உமி நீக்கும் சின்ன மிஷின் கொடுத்துப் பெண்கள் குழுக்களை நடத்த வைத்த பிறகுதான் வீட்டில் மறுபடியும் சாமைச் சோறு பொங்குவது சுலபமானது. அதற்குள் மலையில் நிறைய நிலம் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளிக்குப் போயிருந்தது.

நெல்லுக்கும் அதேதான். பெரிய ரைஸ் மில் நாலு மூட்டையை அவித்து அரைத்துத் தரமாட்டான். கொண்டுபோனால் வேறு நெல்லோடு கலந்துவிடும், இல்லையென்றால் தவிட்டை முழுக்க எடுத்து வெள்ளையாக்கிவிடும். விதைக் குழுவாக இருக்கும்போதே நாலைந்து ஊர் சேர்ந்து ஒரு சின்ன அரவை மிஷினுக்கு வழி பாருங்கள். அது இல்லாமல் மாடிவீடு சொல்லும் மாதாந்திர அரவை நடக்காது.

---

கத்தரித்தோட்டம் | செவ்வாய், மாலை 6.05

காய்கறிக்கு உழவர் சந்தையை விட்டுவிடாதீர்கள். 1999 நவம்பர் 14இல் மதுரை அண்ணாநகரில் முதல் சந்தை திறந்தார்கள். விவசாயி என்று அட்டை இருந்தால் கடைக்கு வாடகை இல்லை, தராசும் அங்கேயே கொடுப்பார்கள். மொத்த விலைக்கு மேல், வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழ் என்று காலையிலேயே விலையை எழுதிப் போடுவார்கள். எங்கள் குடும்பம் அதில்தான் நின்றது. காலப்போக்கில் பல இடங்களில் அட்டை வியாபாரி கைக்குப் போய்விட்டது. வாங்குபவர்கள் "எந்த ஊர், என்ன ரகம், எப்போது பறித்தது" என்று நாலு வார்த்தை கேட்டாலே வியாபாரி யார் விவசாயி யார் என்று தெரிந்துவிடும். கேளுங்கள்.

---

நேர்க்கோடு | செவ்வாய், இரவு 7.15

மாடிவீடு சொன்ன முன்பண ஏற்பாட்டை ஒத்துக்கொள்கிறேன். அப்படி நாலு குடும்பம் எனக்குக் கிடைத்தால் நானும் ஒரு மா போடுவேன். இரண்டு சந்தேகம். இயற்கை என்று சொல்லி விற்கச் சான்று வேண்டாமா? விதையை ஒருவருக்கொருவர் விற்றால் சட்டச் சிக்கல் வருமா?

---

செக்குமரம் | செவ்வாய், இரவு 8.10

விதை: 2001ஆம் வருடத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை அதன் முத்திரைப் பெயர் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான். 2019இல் தான் பதிவு செய்த ரக உருளைக்கிழங்கைப் போட்டார்கள் என்று குஜராத் விவசாயிகள் மேல் பெப்சிகோ வழக்குப் போட்டபோது எல்லாரும் இந்தப் பிரிவைத்தான் காட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து அந்த வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். நீங்கள் மாற்றப்போவது மாப்பிள்ளைச் சம்பா. பயமே வேண்டாம்.

சான்று: நேரடியாகச் சாப்பிடுபவருக்கே விற்கும் சிறு விவசாயிக்கு, வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனை வரை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில் விலக்கு இருக்கிறது. அரசின் இயற்கை முத்திரையை மட்டும் போடமுடியாது. எழுத்தில் ஏதாவது வேண்டும் என்றால் பங்கேற்புச் சான்று முறை நல்லது. ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருவர் வயலை மற்றவர்கள் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். பக்கத்து வயல்காரர் கண்ணுக்குத் தெரியாமல் யூரியா போட முடியுமா? வெண்ணாற்றங்கரை குழு மாறி மாறி அறுப்புக்கு இறங்கப்போகிறது என்றால் இந்தப் பார்வையும் அப்போதே முடிந்துவிடும்.

---

களத்துமேடு | புதன், காலை 6.50

தம்பி, ரகங்களை ஒரேயடியாகப் பத்துப் பதினைந்து வாங்கிவிடாதீர்கள். முதல் வருடம் மூன்று போதும். உங்கள் மண்ணுக்கு ஒன்று சம்பாவுக்கு, குறுகிய நாளில் வர ஒரு பூங்கார், வீட்டுக்குப் பிடித்தது ஒன்று. ஒவ்வொன்றையும் இரண்டு பேராவது போடணும், ஒருவர் வயல் போனாலும் விதை போகக்கூடாது.

---

உப்பாற்றுக்கரை | புதன், காலை 9.15

வேதாரண்யம் பக்கத்திலிருந்து. சிவப்புக் குடவாழை என்னிடம் இருக்கிறது. நாங்கள் புழுதியில் நேரடியாக விதைப்போம், மழையை நம்பித்தான். உங்கள் ஆற்றுப் பாசன மண்ணில் எப்படி வரும் என்று பார்க்க எனக்கும் ஆசை. 2 கிலோ வேண்டுமா?

---

வெண்ணாற்றங்கரை | புதன், காலை 9.40

வேண்டும். எங்கள் ஊரிலும் கடைமடைப் பக்கம் இரண்டு பேர் வயலில் உவர் காட்டுகிறது, அவர்களுக்கே கொடுக்கிறேன். எப்போது வரட்டும்?

---

உப்பாற்றுக்கரை | புதன், காலை 10.05

ஆடி பிறப்பதற்குள் வாருங்கள். அதற்குள் முளைப்புப் பார்த்து வைக்கிறேன். சாக்கில் வயல் பெயர், அறுத்த மாதம், என் பெயர் எழுதி ஒரு சீட்டு போடுவேன். நீங்கள் 4 கிலோவைத் திருப்பும்போது அதே சீட்டின் பின்பக்கம் உங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கணும்.